பஸ்ஸோடு போன தையல் மெஷின்

மண்டபம் அகதி முகாமை விட்டு மன்னாருக்குப் போகப்போகிறோம் என்று நான் சொன்ன நாளிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். அங்கே வேலை கிடைக்காது, கிணற்றுத் தண்ணீர் உப்பு, காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும், அரிசி விலை கேட்டால் மயக்கம் வரும். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி மட்டும் புத்தி சொல்லவில்லை. சவால் விட்டான்.

"போக்கா, போ. ரெண்டே மாசம். அப்புறம் எனக்குத்தான் போன் பண்ணுவ, எப்படியாவது திரும்பக் கூட்டிட்டுப் போடான்னு."

"பண்ணமாட்டேன்" என்றேன்.

திரும்பி வர வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும். முகாம் பதிவை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். நாங்கள் இருந்த அறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அம்மா மன்னார்த்தீவின் கீரிக் கரையில் பிறந்தவர். சண்டைக் காலத்தில், வயிற்றில் என்னோடு, ஓரிரவில் வள்ளத்தில் இந்தியாவுக்கு வந்தார். நான் இந்தியாவில் பிறந்தேன், இந்தியாவில் படித்தேன், அங்கேயே ரவிக்கை தைத்துச் சம்பாதித்தேன். ஆனால் எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் நான் இலங்கைக்காரிதான். திருப்பூரில் ஒரு கம்பெனி என் தையலைப் பார்த்து மேற்பார்வை வேலைக்கு வரச் சொன்னது. அடையாள அட்டை கேட்டது. முகாம் அட்டையைக் காட்டினேன். அடுத்த நாள் முதல் என் போனை எடுக்கவில்லை. அந்த வாரமே இலங்கைக்குப் போவதென்று முடிவெடுத்தேன். அப்பா முகாமிலேயே இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவிடம் கேட்டேன், வருகிறாரா என்று. அம்மா எழுந்து போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டத் தொடங்கினார்.

அம்மா அப்படித்தான். முகாமில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதிகாரி வந்தாலும், கணக்கெடுக்க வந்தாலும், ரேஷன் கடைக்காரர் திட்டினாலும், "ஆமாங்க", "இல்லீங்க", "சரிங்க" இந்த மூன்றுதான். அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

மதுரை விமான நிலையத்தில் முதல் தடங்கல். என் தையல் மெஷினின் தலைப்பகுதியை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய துணி அடைத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். இரும்புக் காலை மட்டும் முகாமில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். பெட்டியை எடை போட்ட இளைஞன் தலையை ஆட்டினான்.

"மேடம், வெயிட் ரொம்ப அதிகம். எதையாவது எடுங்க."

"மெஷினை எடுக்கமாட்டேன்."

"அப்போ மத்த பையிலேர்ந்து எடுங்க."

குக்கர் போயிற்று. இட்லித் தட்டு போயிற்று. அம்மாவின் எவர்சில்வர் குடம் போயிற்று. எல்லாவற்றையும் எங்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரிடமே கொடுத்தேன். அவர் நம்பமுடியாமல் வாங்கிக்கொண்டார். அப்படியும் எடை குறையவில்லை. அம்மா பையைத் திறந்து சேலைகளை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சேலை கட்டியிருந்தார். நடக்கவே முடியவில்லை, கோயில் தேர் மாதிரி மெல்ல மெல்ல வந்தார். பரிசோதிக்கும் இடத்தில் ஒரு பெண் காவலர் ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் பார்த்துக் களைத்துப்போனார்.

"ஏம்மா, இத்தனை சேலை?"

"குளிருதுங்க" என்றார் அம்மா. வெளியே மதுரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அம்மா தப்பித்துவிட்டார், நான்தான் மாட்டிக்கொண்டேன். என் கைப்பையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அதைப் பெட்டிக்குள் வைக்க மறந்துவிட்டேன். எவ்வளவு மன்றாடியும் விடவில்லை. என் கையின் வடிவத்துக்கே பழகிப்போன கத்தரிக்கோல் அது. குப்பைத் தொட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டபோது அழுகை வந்தது. அழவில்லை. முதல் இடத்திலேயே அழுதால் தம்பி சொன்னது சரியென்று ஆகிவிடும்.

கொழும்பில் இறங்கியதும் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரி என் தாள்களைப் புரட்டினார். அவை ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் கொடுக்கப்படுபவை. அவர் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. தமிழில்தான் கேட்டார்.

"எவ்வளவு காலம் தங்குவீங்க?"

"போகமாட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளை மறுபடியும் பார்த்தார். சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அன்றிரவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலிவு விடுதியில் தங்கி, காலையில் பஸ் ஏறினோம். நேராக மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் இடமில்லை. வவுனியா பஸ்ஸில் ஏறி மதவாச்சிச் சந்தியில் இறங்கினால் அங்கிருந்து மன்னார் பஸ் கிடைக்கும் என்றார்கள். நடத்துனர் மெஷின் பெட்டியைத் தூக்கிச் சாரதிக்குப் பக்கத்தில், சூடான என்ஜின் மூடியின் ஓரமாக வைத்தார். நான் அந்தப் பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

புத்தளம் தாண்டி ஒரு தேநீர்க்கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அம்மா கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றார். கடைக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட ஒரு கழிப்பறை. அம்மா உள்ளே போனார், நான் வெளியே நின்றேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

"பிள்ளை, கொண்டி இறுகிப்போச்சு. திறக்குதில்லை."

நான் வெளியே இருந்து இழுத்தேன். அம்மா உள்ளே இருந்து தள்ளினார். தகரம் அதிர்ந்ததே தவிரக் கதவு அசையவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, ஆனாலும் புரிந்துகொண்டு ஒரு கம்பியோடு ஓடிவந்தார். அதே நேரம் முன்பக்கம் பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. கதவு திறந்து அம்மா வெளியே வந்ததும் நாங்கள் ஓடினோம். தெருவுக்கு வந்தபோது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது, தூரத்தில், புழுதிக்குள்.

நான் அதன் பின்னால் ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. கத்தினேன். பஸ்ஸுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. மூச்சு முட்டி நடுத்தெருவில் நின்றேன். மெஷின் போய்விட்டது. அது இல்லாமல் அந்த ஊரில் போய் நான் என்ன செய்வது? தம்பியின் முகம் கண்முன்னால் வந்தது. அவன் சிரிக்கக்கூடமாட்டான், இரக்கப்படுவான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. மீன் லொறி. கொழும்பில் மீனை இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. தொப்பி போட்ட ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன தங்கச்சி, ரோட்டுக்கு நடுவில நிக்கிறீங்க? சாகப் போறீங்களா?"

"என் மெஷின் பஸ்ல போகுது!" என்று கத்தினேன்.

அவருக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் பஸ் போன திசையைப் பார்த்தார், என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், பின்னால் மூச்சு வாங்க ஓடிவரும் அம்மாவைப் பார்த்தார்.

"ஏறுங்கோ. கெதியா ஏறுங்கோ."

அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் சாரதி கண்ணாடியில் லொறியைப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் முந்திப் போகப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவரும் வேகத்தைக் கூட்டினார்.

"பாருங்கோ அவன்ட குணத்த!" என்றார் லொறிக்காரர். "நான் போட்டிக்கு வாறன் எண்டு நினைக்கிறான்."

அம்மா ஜன்னல் வழியாக அரை உடம்பை வெளியே நீட்டி, சேலைத் தலைப்பை உருவி வீசினார். "நில்லடா! நில்லடா!" என்று அவர் கத்தியதை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அது அம்மாவின் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

கடைசியில் ஓர் ஊரில் ஆள் ஏற்ற பஸ் நின்றபோது பிடித்தோம். நடத்துனர் தலையில் கைவைத்துக்கொண்டார். நாங்கள் அந்தக் கடையடியோடு இறங்கிப் போய்விட்டதாக நினைத்தாராம். "சொரி அம்மே, சொரி" என்று நூறு முறை சொல்லியிருப்பார். பெட்டியைத் தூக்கி இறக்கினார். என்ஜின் சூட்டிலும் யாரோ சிந்திய தண்ணீரிலும் அட்டையின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது. எங்கள் கண்முன்னாலேயே அது கிழிந்து, மெஷின் தார் ரோட்டில் விழுந்தது.

நான் குந்தியிருந்து அதைத் திருப்பிப் பார்த்தேன். நூற்கட்டை மாட்டும் கம்பி முறிந்திருந்தது. சக்கரத்தின் விளிம்பில் ஒரு சிறு துண்டு பெயர்ந்திருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஊசி மேலே போயிற்று, கீழே வந்தது. திரும்பவும் சுற்றினேன். வேலை செய்தது.

நடத்துனர் எங்களை மறுபடி பஸ்ஸில் ஏறச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டார்.

"அந்த பஸ்ஸில இனி என்ர கால் படாது" என்றார்.

எங்கே போகவேண்டும் என்று கேட்டுவிட்டு லொறிக்காரர் சிரித்தார். "நான் பேசாலைக்கு மீன் ஏத்தத்தான் போறன். கீரியில இறக்கிவிடுறன். மீன் நாத்தம் பரவாயில்லையெண்டா வாங்கோ."

"நாங்கள் கரையில பிறந்த ஆக்கள், தம்பி" என்றார் அம்மா.

அவர் மன்னாருக்குத் தெற்கே முசலிப் பக்கத்து முஸ்லிம். வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தார். எதற்காக வந்தோம் என்று கேட்டார், சொன்னேன். எல்லோரும் போகாதே என்றதையும் சொன்னேன்.

"எனக்கும் அதைத்தான் சொன்னவங்க" என்றார். "நான் சின்னப் பொடியனா இருக்கேக்க எங்கட ஆக்கள் எல்லாரையும் இயக்கக்காரர் ஊரை விட்டு எழுப்பினவங்க. உடுத்த உடுப்போட புத்தளத்துக்குப் போனனாங்க. சண்டை முடிஞ்சு திரும்பி வந்து பாத்தா ஊர் எங்க? காடு. என்ட சொந்தக்காரரே கேட்டாங்க, உனக்கு விசரா, யானையோட குடும்பம் நடத்தப் போறியா எண்டு. நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய் வெட்டினன். முதல் வருசம் வெட்டினது ரெண்டாம் வருசம் திரும்ப முளைச்சுது. திரும்ப வெட்டினன். இப்ப அங்க வீடு இருக்கு, கிணறு இருக்கு. வரட்டா எண்டு நான் ஒருத்தரையும் கேக்கல்ல தங்கச்சி."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கட ஆக்களை எழுப்பின செய்தியை நாங்கள் முகாமில இருந்து கேள்விப்பட்டம்" என்றார் பிறகு.

"கேட்டு என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லேல்ல. எங்கட பாடே பெரிசா இருந்தது."

"ஓம்" என்றார் அவர். "எல்லாருக்கும் அப்பிடித்தான்." கோபமாகச் சொல்லவில்லை. முருங்கன் கடைத்தெரு வந்ததும் லொறியை நிறுத்தி, எனக்கு ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

கீரியில் எங்களுக்கு ஒரு வீடு பேசியிருந்தோம். பெரிய வீட்டின் பக்கத்தில் ஒட்டிக் கட்டிய ஓர் அறையும் சமைக்கக் குசினியும். போனில் சரியென்று சொல்லியிருந்த வீட்டுக்காரி வேலிப் படலையடிக்கு வந்து லொறியைப் பார்த்தார். எங்களை இறக்கிவிட்ட லொறிக்காரர் மெஷினைத் தூக்கி விறாந்தையில் வைத்தார். வீட்டுக்காரி அவரைக் காட்டிக் கேட்டார்.

"இவர்தானோ உங்கட ஆம்பிளை?"

"இல்லை, வழியில் உதவி செய்தவர்" என்றேன். "நானும் அம்மாவும்தான்."

"ஆம்பிளை பேந்து வருவாரோ?"

"ஆம்பிளை இல்லை."

அவர் முகம் மாறியது. "போனில அப்பிடிச் சொல்லேல்லையே. ரெண்டு பொம்பிளையள் தனிய எண்டால் குடுக்கேலாது பிள்ளை. ஊர் கதைக்கும். குறை நினைக்காதேங்கோ. டவுனில எங்கயும் பாருங்கோ."

நான் வாயைத் திறந்து என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அம்மா விறாந்தையில் ஏறி, மெஷினுக்குப் பக்கத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஊர் கதைக்குமோ? எந்த ஊர்? இது என்ர ஊர். நீங்கள் நிக்கிற இந்த இடத்தில நான் கருவாடு காயப் போட்டனான். அந்தக் கோயிலிலதான் எனக்கு ஞானஸ்நானம் குடுத்தது. போய்ப் பாதரிட்டக் கேளுங்கோ. ஊர் கதைக்கிறதெண்டால் என்னட்ட வந்து கதைக்கச் சொல்லுங்கோ."

"கத்தாதேங்கோ அக்கா, அயலுக்குக் கேக்குது."

"கத்துவன். முப்பது வருசத்துக்கு மேல கத்தாமல் இருந்தனான்."

பக்கத்து வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன. அம்மா அவர்களையும் பார்த்து நிமிர்ந்தே இருந்தார். தரையைப் பார்க்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழும்பப்போவதில்லை என்று காட்ட எனக்குத் தெரிந்த வழி அதுதான். லொறிக்காரர் படலையடியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

வீட்டுக்காரி உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் அறைக் கதவின் திறப்பு இருந்தது.

"ஒரு மாதம் பாப்பம். சரிவராட்டி எழும்பவேணும்."

"பாப்பம்" என்றார் அம்மா.

அந்த ஒரு மாதம் முடிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. வீட்டுக்காரி எங்களோடு இன்னமும் நாளுக்கு ஒருமுறை சண்டை பிடிப்பார். தண்ணீர், குப்பை, படலையைச் சாத்தாதது, ஏதாவது ஒன்று. அவருடைய ஜன்னல் திரைச்சீலைகள் எல்லாம் நான் தைத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொன்னார், ஒவ்வொன்றையும் மாட்டியிருக்கிறார்.

புத்தி சொன்னவர்கள் சொன்னதில் பாதி உண்மைதான். தண்ணீர் உப்பு. காற்று கதவைப் பிடுங்கும். கடற்காற்றில் மெஷினின் இரும்பு ஒரு வாரத்தில் சிவந்துபோகும், தினமும் எண்ணெய் துடைத்தால்தான் ஓடும். முறிந்த கம்பிக்குப் பதிலாக ஓர் ஆணியைச் செருகி அதில் நூற்கட்டையை மாட்டியிருக்கிறேன். புதுக் கத்தரிக்கோல் இன்னும் கைக்குப் பழகவில்லை. இங்கே எனக்குப் பெயர் இந்தியாக்காரி. நான் "ஆமா" என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "ஆமா, ஆமா" என்று ஆடு மாதிரிக் கத்துவார்கள். முதலில் "ஓம்" என்று மாற்றிக்கொள்ளப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். இங்கே வருவதற்கு நான் ஒரு செருப்பையும் ஒரு கத்தரிக்கோலையும் குக்கரையும் விட்டிருக்கிறேன். என் நாக்கையும் விடவேண்டியதில்லை. பிள்ளைகள் கத்தினால் இன்னும் சத்தமாக "ஆமா" என்கிறேன். இப்போது அவர்களுக்கே அலுத்துவிட்டது.

இரண்டாம் மாதம் தம்பி போன் பண்ணினான். நான்தான் பண்ணுவேன் என்றவன். "என்னக்கா, எப்ப வர?" என்றான். "நீ எப்ப வர?" என்று கேட்டேன். அவன் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அம்மா அவனோடு முழுக்க முழுக்கக் கீரித் தமிழில் கதைத்தார். பாதி விளங்கவில்லை என்று பிறகு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.

போன வருடம் இங்கே பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியக் குழுவுக்கு உடுப்புத் தைக்கக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு தலைமை ஆசிரியரை, இங்கே சொல்வதுபோல் அதிபரை, பார்க்கப் போனேன். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். கதிரையில் உட்காரச் சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"வழமையா டவுன் கடைக்குத்தான் குடுக்கிறனாங்கள். நீங்கள் புதுசுதானே" என்றார்.

"நான் புதுசுதான் சார். என் தையல் புதுசு இல்லை" என்று, கொண்டுபோயிருந்த ஒரு சட்டையை மேசையில் உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்தேன். அவர் தையலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"சரி, பாவாடையளைத் தையுங்கோ. கோட்டு கொஞ்சம் கஷ்டம், அது கடைக்கே போகட்டும்."

"பாவாடையைத் தைக்கிறேன். ஆனால் அடுத்த வருடம் கோட்டும் கேட்பேன்."

"அடுத்த வருசம் பாப்பம்."

தைத்துக் கொடுத்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. விளையாட்டுப் போட்டியன்று அம்மாவோடு போய் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். கோட்டுகளில் இரண்டின் தோள் பிரிந்திருந்தது. மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் மறுபடி அதே அறைக்குப் போனேன். கையில் நான் தைத்த ஒரு மாதிரிக் கோட்டு. அதிபர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கையால் நிற்கச் சொன்னார். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.